நிலைக்காது என்று நான் சொன்ன பாட்டு

சிங்கப்பூரின் பூன் லேயில் நாங்கள் இருந்த ஒன்பதாவது மாடி வீட்டில், குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஒரு ரேடியோ செட் இருந்தது. கேசட்டும் போடலாம், சிடியும் போடலாம். காலை ஐந்தரைக்கு அது பாட ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடக் கூடாது என்பதற்காக அம்மா அதன் சத்தக் குமிழைக் குறைத்து வைத்து டேப் ஒட்டியிருந்தார். அந்தச் சத்தத்தில், சமையலறையில் நின்றால் பாட்டு கேட்கும். கூடத்தில் படுத்திருக்கும் எனக்கு ஒரு ஆண் குரல் எங்கோ தூரத்தில் வருத்தப்படுவது மட்டும் கேட்கும்.

அந்தப் பாடகரின் பெயரைச் சொன்னால் உங்களுக்கும் ஏதாவது ஒரு பாட்டு வாயில் வந்துவிடும். அப்புறம் நான் சொல்வது காதில் ஏறாது. ஆகவே விடுகிறேன். உருகி உருகிப் பாடுகிறவர் என்று சொன்னால் போதும். அம்மாவுக்குப் பிடித்த ஒரு பாட்டு உண்டு. யாரையோ வழியனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பி வருகிறவர் பாடுவது. இரண்டாவது சரணம் முடியும் இடத்தில் அவர் ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிடுவார். ஒரு மூச்சு அளவுக்குச் சத்தமே இருக்காது. அந்த இடம் வரும்போது அம்மாவின் கத்தியும் வெட்டுப்பலகை மேல் நின்றுவிடும். பிறகு அவர் அந்தச் சொல்லை முடிப்பார், அம்மா வெங்காயத்தை முடிப்பார். ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் கீழே வந்து ஹாரன் அடிப்பதற்குள் நெத்திலிச் சம்பலும் சோறும் மூன்று டப்பாக்களில் ஏறியிருக்கும்: எனக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு.

அம்மா ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நகத்தைவிடச் சிறிய பாகங்களை மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்க வேண்டும். அங்கே எல்லாரும் அதை ஸ்கோப் என்றுதான் சொல்வார்கள். மாலையில் வந்ததும் மறுபடி அதே பாடகர். அம்மாவின் கண்கள் சிவந்து நீர் கோத்திருக்கும், முந்தானையால் ஒற்றிக்கொள்வார். பாட்டு அழவைக்கிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் செட்டை அணைத்துவிடுவேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா பள்ளிப் பக்கமே போனதில்லை. அம்மா மலேசியாவில், ஜோகூரில் ஒரு தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். வீட்டுக்கு வரும் எந்தக் கடிதமானாலும் எட்டு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்வேன். வீடமைப்புக் கழகக் கடிதம், மருத்துவமனைத் தேதி, மின்சாரப் பில் எல்லாம் என் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழையும். "என்னா போட்டிருக்கு?" என்று அம்மா கேட்பார். நான் சொன்னதைத் திரும்ப ஒரு தடவை கூடச் சரிபார்த்ததில்லை. அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று அப்போது எனக்குத் தெரியாது.

பதினேழு வயதில், தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில், ஒரு தமிழ் விவாதப் போட்டியில் எங்கள் அணி இறுதிச் சுற்றுக்கு வந்தது. தலைப்பு, அந்தப் பாடகரின் உருக்கமான பாடல்கள் காலத்தை வென்று நிலைக்குமா என்பது. ஒரு வாரம் முன்பு இரு அணித் தலைவர்களையும் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். மடித்த இரண்டு காகிதங்கள், ஒரு பிஸ்கட் டின்னுக்குள். நான் எடுத்ததில் 'நிலைக்காது' என்று இருந்தது. இன்னொன்றை எடுத்திருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

எங்கள் ஆசிரியர் சொன்னார்: "அந்த அணி உருக்கமா பேசும். நீங்களும் உருகினா தோத்துடுவீங்க. சிரிக்க வைங்கப்பா." சிரிக்க வைக்க என்ன இருக்கிறது என்று தேடினேன். தேடித் தூரம் போகவில்லை. சமையலறைக்குத்தான் போனேன்.

போட்டி தோ பாயோவில் ஒரு சமூக மன்றத்தில் நடந்தது. அம்மா தோழியோடு ஷிப்டை மாற்றிக்கொண்டு, கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் பச்சைப் பட்டுச் சேலையில், மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன்.

"அவையோரே! எங்கள் வீட்டில் ரசத்துக்கு உப்பு வாங்குவதே இல்லை. இந்தப் பாடகர் பாடத் தொடங்கினால் போதும். அடுப்பருகே நிற்கும் என் தாயாரின் கண்ணீரே பாத்திரத்தை நிறைத்துவிடும்!"

மண்டபம் சிரித்தது. எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. வெங்காயம் நறுக்கினாலும்தான் கண்ணீர் வருகிறது, அதற்காக வெங்காயத்தைக் கலை என்போமா என்றேன். இன்னும் சிரிப்பு. இறுதியில் குரலை இறக்கி, "கண்ணீர் காயும். அந்தக் கண்ணீரை நம்பிப் பிழைக்கும் பாடல்களும் அதனோடு காய்ந்து மறையும்" என்று முடித்தேன். நடுவர் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே எதையோ எழுதினார். கைதட்டல் வந்தது. அம்மாவும் தட்டினார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாக.

சிறந்த பேச்சாளர் கோப்பை எனக்குக் கிடைத்தது. ரயிலில் பூன் லே வரைக்கும் அம்மா அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு சீன மாதிடம், "மை சன்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். பாதி வழியில், "நீ சொன்னதெல்லாம் புக்குல போட்டிருக்காப்பா?" என்று கேட்டார்.

"சும்மா பேசிட முடியுமாம்மா? ஆராய்ச்சி பண்ணித்தான் பேசினேன்" என்றேன்.

அம்மா தலையாட்டினார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தக் குரல் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எப்போது நின்றது என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். காலையில் வானொலிச் செய்தி ஓடும், அல்லது ஒன்றும் ஓடாது. எனக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அமைதி வசதியாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை, பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே தாழ்வாரத்தில் வந்தபோது, பழைய செய்தித்தாள்களோடு ஒரு அட்டைப் பெட்டியையும் தூக்கிக் கொடுக்கச் சொன்னார் அம்மா. கனமாக இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் டப்பாக்கள் உரசும் சத்தம் கேட்டது. திறந்து பார்க்காமல் அவருடைய தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு உள்ளே வந்து கணக்குப் போட உட்கார்ந்தேன்.

பத்து வருடம் ஓடிவிட்டது. பல்கலைக்கழகம் முடித்து, தஞ்சோங் பகாரில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த ஆண்டு அம்மா வேலை பார்த்த லைனை, அந்த உற்பத்திப் பிரிவையே, மொத்தமாக ஜோகூருக்கு மாற்றுவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். "நான் அங்கேர்ந்து இங்க வந்தேன். லைனு இங்கேர்ந்து அங்க போவுது. வழியில பாத்தா கை காட்டிக்கலாம்" என்றார் அம்மா. கடைசி வேலை நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு மதியம் லைனில் இருந்த ஏழு பெண்களும் ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூடினார்கள். பைகளைத் தூக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார் அம்மா.

அங்கேதான் எனக்குத் தெரிய வந்தது.

மீன்தலைக் கறி பாதி காலியானபோது, அவர்களுடைய லைன் லீடர், வெளுத்த முடியோடு இருந்த ஒரு சீன ஆன்ட்டி, கரண்டியால் தம்ளரைத் தட்டினார். "ஏ! லாஸ்ட் டைம் ஆல்ரெடி. யூ மஸ்ட் சிங் லா. தட் கிரையிங் சாங்!" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவரே மெட்டை முனக ஆரம்பித்தார். ஒரு வார்த்தை கிடையாது, வெறும் லலலா. ஆனால் சந்தேகமே இல்லை. அந்தப் பாட்டேதான். இரண்டாவது சரணத்தின் முடிவில், பாடகர் நிறுத்தும் அதே இடத்தில், அவரும் நிறுத்தினார். கரண்டி காற்றில் நின்றது. பிறகு இறங்கியது. தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாதவருக்கு அந்த இடைவெளி தெரிந்திருந்தது.

அம்மா இலையைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் பழசு லா. விடுங்க" என்றார்.

"எங்கேர்ந்து விடுறது?" என்றார் அம்மாவின் நெருங்கிய தோழி, கேலாங்கிலிருந்து வரும் ஆன்ட்டி. போட்டி நாளன்று ஷிப்ட் மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். என் பக்கம் திரும்பினார். "உங்கம்மா பஸ்ஸுல பாடுவா, தெரியுமா தம்பி உனக்கு? பூன் லேல ஏறுனா ஜூரோங் போய்ச் சேர்ற வரைக்கும். டிரைவர் ரேடியோவ அமத்திட்டுக் கேப்பாரு. அந்த லீடருக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆச்சு."

"தெரியாது ஆன்ட்டி."

"எப்படித் தெரியும்! திடீர்னு ஒரு நாள் வாயப் பூட்டிட்டா. ஏண்டின்னு கேட்டா, 'எம்மவன் மேடையில சொல்லிட்டான், அது தரமில்லாத பாட்டாம், நிக்காதாம்'ங்கிறா. நாங்களும், சரி, படிச்ச புள்ள சொல்லுதுன்னு விட்டுட்டோம். ஏன் தம்பி, அப்படியா அது மட்டமான பாட்டு?"

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் சோறு. மென்றுகொண்டே இருந்தேன்.

"புள்ளய சாப்பிட விடு லா" என்றார் அம்மா. "கை காயுது பாரு அவனுக்கு."

யார் கெஞ்சியும் அவர் பாடவில்லை. பாயசம் வந்தது, செல்ஃபி எடுத்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். லீடர் ஆன்ட்டி போகும்போதும் அதை முனகிக்கொண்டே போனார்.

தேக்கா சந்தையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு, ரயில் நிலையத்தை நோக்கி நடந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தோளை இடிக்காமல் நடக்க முடியாத நடைபாதையில் அம்மாவுக்குப் பின்னால் நடந்துகொண்டே சொன்னேன்.

"அம்மா, அது போட்டிம்மா."

"தெரியும். கப்பு வாங்குனியே."

"இல்லம்மா. எந்தப் பக்கம் பேசணும்னு நான் முடிவு பண்ணல. சீட்டு எடுத்தோம். எனக்கு அந்தச் சீட்டு வந்துச்சு. மத்த சீட்டு வந்திருந்தா நிலைக்கும்னு பேசியிருப்பேன். அதே மாதிரி கத்தியிருப்பேன்."

அம்மா நின்றுவிட்டார். பின்னால் வந்த ஒருவர் முருங்கைக்காயில் மோதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். பூக்கடை ஓரமாக ஒதுங்கினோம்.

"சீட்டா?"

"ஆமா."

"குலுக்குச் சீட்டு மாதிரியா?"

"ஆமாம்மா. பிஸ்கட் டின்ல போட்டு."

"நெனைக்காதத பேசுறதுக்கா கப்பு குடுத்தானுங்க?"

விவாதம் என்றால் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா விடவில்லை. "நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுனியேடா! 'அவையோரே'ங்கிற, 'காய்ந்து மறையும்'ங்கிற. நியூஸ்ல சீட்டு எடுத்தா பேசுறாங்க? நான் கேட்டேன்ல ரயில்ல, புக்குல இருக்கான்னு. நீ ஆராய்ச்சின்ன."

எங்கள் வீட்டில் அந்தத் தமிழை வானொலிச் செய்தியும் அரசாங்கக் கடிதமும்தான் பேசின. இரண்டுமே பொய் சொன்னதில்லை. கடிதங்களைப் படித்துச் சொன்ன அதே வாய்தான் மேடையிலும் பேசியது. விவாதத்தில் பக்கம் பிரித்துக் கொடுப்பார்கள் என்பது பள்ளிக்கூடத்துக்குள் இருந்தவனுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு யார் சொல்வது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"அப்புறம் அந்த ரசம்" என்றார். "நான் பாட்டு கேட்டா அழுதேன்? ஸ்கோப்ல எட்டு மணி நேரம் பாரு, உனக்கும் தான் தண்ணி ஊத்தும். கண்ணு எரிச்சல்டா அது!"

நடைபாதை என்றும் பார்க்காமல் எனக்குக் கண் கலங்கியது. அம்மா அதைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "கொஞ்சம் பாட்டுக்கும் தான். கொஞ்சம்." பிறகு, எனக்கே கேட்காத மாதிரி, "கேசட்டு எல்லாத்தையும் காராங்குனிக்குப் போட்டனே" என்றார்.

"நான்தாம்மா தூக்கிக் குடுத்தேன்."

"ஆமா. நீதான்."

ரயிலில் இடம் கிடைத்தது. கைப்பேசியில் அந்தப் பாடகரைத் தேடி எடுத்து, செவிப்பேசியில் ஒன்றை அவர் காதிலும் ஒன்றை என் காதிலும் மாட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ஸ்கோப்பில் குனிந்த மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

முதல் பாட்டு பாதியில், "இது நிக்காது" என்றார்.

"என்னம்மா?"

"வயலின்காரன் பாடுறவருக்கு முன்னாடியே அழுதுட்டான் பாரு. அடுத்தது போடு."

ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறினோம். மாறும்போதும் வயரைக் கழற்றவில்லை, ஒட்டிப்பிறந்தவர்கள் மாதிரி படியேறினோம். அடுத்த பாட்டையும் ஒதுக்கினார். இன்னொன்றை, "பரவால்ல, நடுவுல கீறல் இருக்கு" என்றார். இருபத்தைந்து வருடம் நல்லதையும் கெட்டதையும் பிரித்த கண், காது வழியாகவும் பிரித்துக்கொண்டிருந்தது. நான் மேடையில் ஐந்து நிமிடம் கத்தியதில் இப்படி ஒரு வரிகூட இல்லை.

கிளமெண்டி தாண்டி அந்தப் பாட்டு வந்தது. அம்மா அதை ஒதுக்கவில்லை. இரண்டாவது சரணத்தின் முடிவில் பாடகர் நிறுத்தினார். கறிவேப்பிலைப் பையை இறுக்கிப் பிடித்திருந்த அம்மாவின் விரல்களும் நின்றன. முடிந்ததும், "இதுல அவர் அழல. நிறுத்துறாரு, அவ்வளவுதான்" என்றார். பிறகு கேட்டார்: "அப்ப நீ என்னா நெனைக்கிற? சீட்ட விடு. நீ."

நிலைக்கும்மா என்று சொல்லியிருக்கலாம். அவர் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அதுவும் ஒரு சீட்டுத்தான் என்று தோன்றியது.

"தெரியலம்மா. நான் இதுங்கள சரியா கேட்டதே இல்ல."

"அப்ப கேளு லா. கேட்டுட்டுச் சொல்லு. இந்தத் தடவ கப்பு கிடையாது."

அந்த வாரம் முழுக்க, மதிய உணவு நேரத்தில் அலுவலகத்துக்குக் கீழே உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். சில பாட்டுகளில் அந்தப் பாடகர் சோகத்தைப் பிழிந்து பிழிந்து சக்கையாக்கியிருந்தார். பதினேழு வயதில் நான் சொன்னதில் அவற்றைப் பொறுத்தவரை கொஞ்சம் உண்மைகூட இருந்தது. ஆனால் வழியனுப்பும் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் குறைத்து வைத்த சத்தத்தில், அடுத்த அறையிலிருந்து வருவது மாதிரியே எனக்குக் கேட்டது. கூடவே சோற்று டப்பா மூடும் சத்தத்தைத் தேடினேன். நூறு வருடம் கழித்து அதை யார் கேட்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பத்து வருடம் வெளியே விடாமல் பூட்டி வைத்த ஒரு தொண்டையில் அது போகாமல் இருந்திருக்கிறது. தமிழ் தெரியாத ஒருவரிடம் இடைவெளி பிசகாமல் இருந்திருக்கிறது. அந்த இரண்டையும்தான் நான் பார்த்தேன். நடுவர்கள் முன்னால் வைக்க அது போதாது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் கேலாங் ஆன்ட்டியின் எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு அதைப் போட்டுக் கேட்டேன். பஸ் எஞ்சின் சத்தம். "பாடுடி, கடைசி பஸ்ஸு" என்று யாரோ சொல்வது. ரேடியோவை அணைக்கும் சத்தம். பிறகு அம்மா.

அது எனக்குத் தெரியாத குரல். வீட்டில் பேசும் குரலைவிடக் கனமானது, அடியில் கொஞ்சம் மணல் கலந்தது. முதல் சரணம் நேராகப் போனது. இரண்டாவதில் ஏறும் இடத்தில் சுருதி சற்றே இறங்கியது, அவரே இழுத்து நிமிர்த்திக்கொண்டார். அந்த இடைவெளி வந்தது. பாடகர் விடுவதைவிட நீளமாக விட்டார். எஞ்சின் மட்டும் ஓடியது. ஒருத்தரும் இருமக்கூட இல்லை. பிறகு சொல்லை முடித்தார். கைதட்டல், விசில், அதற்கு நடுவே அம்மா: "போதும் லா, எறங்குங்க, கார்டு பஞ்ச் பண்ண லேட்டாவுது!"

மாலையில் வேலை முடிந்து வந்தபோது அம்மா எனக்கு முன்பே வீட்டில் இருந்தார். கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரம் பெட்டி பிரிக்காமல் மேசை மேல் கிடந்தது. செருப்பைக்கூட நான் கழற்றவில்லை.

"அவ அனுப்புனாளாமே. கேட்டியா?"

"கேட்டேன்."

"என்னா நெனைக்கிற?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் கடிதத்தை நான் பிரிக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

"ரெண்டாவது சரணத்துல ஏறுறப்ப சுருதி எறங்கிடுச்சும்மா" என்றேன். "ஆனா அந்த இடத்துல நீ விட்ட நேரம் அவர் விட்டதவிட நல்லா இருந்துச்சு. அத நான் மறக்க மாட்டேன்."

"எறங்குச்சுதான்" என்றார் அம்மா. "பத்து வருஷம் பாடலல்ல." அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "சரி, போய்க் கை கழுவு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. கூடவே, ஏறும் அந்த இடத்தை மட்டும் அவர் மறுபடி மறுபடி பாடிப் பார்க்கும் சத்தமும்.